பதில் வராவிட்டால் புத்தகம் வரும்

ஐரோப்பாவில் முதல் உலகப் போர் மூண்டிருந்த வருடங்களில், அமெரிக்காவில் விட்மன் கம்பெனியின் சாக்லேட் பெட்டியைத் திறந்தவர்கள் சிலருக்கு உள்ளே ஷேக்ஸ்பியர் காத்திருந்தார். உள்ளங்கைக்குள் அடங்கும் அளவு, தோல் அட்டை, ஒரு முழு நாடகம். இனிப்பு ஒரே மாலையில் தீர்ந்துபோனது. புத்தகம் அலமாரிக்குப் போனது. சாக்லேட்டையும் ஷேக்ஸ்பியரையும் ஒரே பெட்டிக்குள் உட்காரவைத்த மனிதருக்கு அன்றைய இலக்கிய உலகில் பெயரே கிடையாது. அடுத்த இருபது வருடங்களில் அமெரிக்கா என்ன படிக்க வேண்டும் என்பதையே தீர்மானிக்கிற இடத்துக்கு அவர் போகப்போகிறார் என்று யாராவது சொல்லியிருந்தால், முதலில் சிரித்திருப்பவர் அவர்தான்.

அவர் பெயர் ஹாரி ஷெர்மன். 1887-இல் கனடாவின் மான்ட்ரியலில் பிறந்து, ஃபிலடெல்ஃபியாவில் வளர்ந்தவர். எழுத்தாளராக வேண்டும் என்ற கனவோடு நியூயார்க்குக்கு வந்தார். கனவு சோறு போடவில்லை. விளம்பர வாசகம் எழுதும் வேலை போட்டது. ஜே. வால்டர் தாம்ப்சன் என்ற பெரிய விளம்பர நிறுவனத்தில், தபால் வழியாகப் பொருள் விற்கும் பிரிவுக்கு வாசகங்கள் எழுதினார். ஓய்வு நேரத்தில் கிரீன்விச் வில்லேஜில் போனி சகோதரர்கள் நடத்திய புத்தகக் கடையில் அரட்டை. அங்கேதான் ஒருநாள் தோல் அட்டை போட்ட குட்டி 'ரோமியோ ஜூலியட்' ஒன்று கைக்குக் கை மாறியது. மற்றவர்கள் அதை அழகுப் பொருளாகப் பார்த்தார்கள். ஷெர்மன் பார்த்தது அதன் அளவை. இது மிட்டாய்ப் பெட்டிக்குள் கச்சிதமாக உட்காருமே!

விட்மன் கம்பெனி சம்மதித்தது. 'லிட்டில் லெதர் லைப்ரரி' என்ற வரிசை பிறந்தது. பிறகு வுல்வொர்த் மலிவு விலைக் கடைகளில் விற்றார்கள். அதன்பின் நேரடியாகத் தபாலில்: 30 புத்தகம், 2 டாலர் 98 சென்ட். இதற்குள் ஷெர்மனோடு இரண்டு பேர் சேர்ந்திருந்தார்கள். தபால் விளம்பரத்தில் மந்திரவாதி என்று பெயர் வாங்கிய மாக்ஸ் சாக்ஹைம் ஒருவர்; வியாபாரக் கணக்கில் கெட்டிக்காரரான ராபர்ட் ஹாஸ் இன்னொருவர். குட்டிப் புத்தகங்கள் கோடிக்கணக்கில் பறந்தன. மூவரும் நியாயமாகப் பார்த்தால் கொண்டாடியிருக்க வேண்டும். ஆனால் கணக்குப் புத்தகத்தைத் திறந்தபோது ஒரு விஷயம் உறுத்தியது.

ஒருமுறை வாங்கியவர் திரும்பி வரவே இல்லை.

தபால் வியாபாரத்தில் செலவு பொருளில் இல்லை, ஆளைப் பிடிப்பதில் இருக்கிறது. பத்திரிகை விளம்பரம், சுற்றறிக்கை, தபால்தலை என்று கொட்டி ஒரு வாடிக்கையாளரைப் பிடித்தால், அவர் நாலு முறையாவது வாங்கினால்தான் போட்டது தேறும். 30 செவ்வியல் புத்தகங்களை ஒரே மூச்சில் விற்றுவிட்டால், அந்த வீட்டோடு உறவு முடிந்தது. சரி, மாதாமாதம் வருகிற புதிய நாவல்களை விற்கலாம் என்றால் அது இன்னும் மோசம். இரண்டு டாலர் நாவலில் கிடைக்கிற லாபம், அதை விற்பதற்கான ஒரு விளம்பரத்துக்கே காணாது. தவிர, ஷேக்ஸ்பியர் பெயரைச் சொன்னால் காசை எடுக்கிறவர்கள், போன வாரம் வெளியான முன்பின் தெரியாத எழுத்தாளரின் புத்தகத்துக்கு எதற்காகக் காசு எடுக்க வேண்டும்?

இந்தக் கேள்வியில்தான் ஷெர்மன் மாட்டிக்கொண்டார். இதிலேயே வழியும் இருந்தது. பெயர் தெரியாத புத்தகத்தை யாரும் தானாக வாங்குவதில்லை. வேறொருவர் படித்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்று சொல்ல வேண்டும். நியூயார்க்கில் அப்படிச் சொல்வதற்கு ஆள் இருந்தது: கடைக்காரர், ஞாயிறு மலர் விமர்சகர், அலுவலக நண்பர். ஆனால் அன்றைய அமெரிக்காவில் மூன்றில் இரண்டு பங்கு மாவட்டங்களில் புத்தகக் கடையே இல்லை. கான்சாஸில் ஒரு பல் மருத்துவருக்கோ, வெர்மான்ட் மலைக் கிராமத்தில் ஒரு பள்ளி ஆசிரியைக்கோ படிக்கிற ஆசை இருந்தது, வாங்குகிற வசதியும் இருந்தது. இப்போது எதைப் படித்துக்கொண்டிருக்கிறேன் என்று சொல்ல ஒரு சிநேகிதர்தான் இல்லை. அந்தச் சிநேகிதரைத் தபாலில் அனுப்பினால் என்ன?

விற்க வேண்டியது புத்தகம் இல்லை, சிபாரிசு என்று ஷெர்மன் முடிவுகட்டினார். வாசகர் ஒரு வருடத்துக்குச் சந்தாதாரர் ஆவார். மாதம் ஒரு புதிய புத்தகம், படித்துத் தேர்ந்தெடுக்கப்பட்டு, வெளியான கையோடு வீடு வந்து சேரும். ஒரே விளம்பரத்தில் பன்னிரண்டு விற்பனை. ஆனால் மூன்று விளம்பரக்காரர்கள் சேர்ந்து ஒரு நாவலை நல்ல நாவல் என்று சொன்னால் எந்த ஊரில் நம்புவார்கள்?

அதற்காக ஐந்து பேரைப் பிடித்தார்கள். யேல் பல்கலைக்கழகத்திலிருந்து வந்து 'சாட்டர்டே ரிவ்யூ' இதழை நடத்திக்கொண்டிருந்த ஹென்றி சைடல் கேன்பி தலைவர். நாவலாசிரியை டோரதி கேன்ஃபீல்ட் ஃபிஷர், பத்திரிகைப் பத்தியாளர் ஹேவுட் பிரௌன், குதிரை வண்டியில் புத்தகம் விற்பவரை நாயகராக்கிக் கதை எழுதிய கிறிஸ்டோஃபர் மார்லி, கான்சாஸின் எம்போரியா ஊரில் பத்திரிகை நடத்தி நாடறிந்தவரான வில்லியம் ஆலன் வைட் ஆகியோர் மற்ற நால்வர். பதிப்பகங்கள் அச்சுப் பிரதிகளை முன்கூட்டியே அனுப்பும், நடுவர்கள் படிப்பார்கள், மாதம் ஒருமுறை மதிய உணவு மேஜையில் கூடி, வாதாடி, ஒரு புத்தகத்தைத் தேர்ந்தெடுப்பார்கள். வியாபாரிகள் அதில் வாயே திறக்கக் கூடாது. 'புக் ஆஃப் தி மந்த் கிளப்' 1926 ஏப்ரலில் முதல் பார்சல்களைக் கட்டியது. சந்தாதாரர்கள் 4,750 பேர். நடுவர்கள் எதைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள் என்று தெரிந்தபோது விளம்பர மூவருக்கும் வியர்த்திருக்க வேண்டும்.

புத்தகம் 'லாலி வில்லோஸ்'. எழுதியவர் சில்வியா டவுன்சென்ட் வார்னர் என்ற ஆங்கிலேயப் பெண்மணி. இதுதான் அவருடைய முதல் நாவல். அமெரிக்காவில் வெளியிட்டது வைக்கிங், முந்தின வருடம்தான் கடை திறந்த பதிப்பகம். கதை? அண்ணன் வீட்டில் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டு காலம் தள்ளிய, கல்யாணமாகாத நடுத்தர வயதுப் பெண் ஒருத்தி, ஒருநாள் எல்லாவற்றையும் உதறிவிட்டுத் தெரியாத கிராமத்துக்குக் குடிபோகிறாள். அங்கே சாத்தானோடு ஒப்பந்தம் செய்துகொண்டு சூனியக்காரி ஆகிறாள். குடும்பப் பாங்கான வாசகர்களுக்கு, நம்பகமான நடுவர்கள், முதல் மாதமே அனுப்பிய புத்தகம் இது! இன்றைக்கும் மிக நல்ல நாவல். ஆனால் பார்சலைப் பிரித்த 4,750 வீடுகளிலும் அதை நல்ல நாவல் என்று எல்லோரும் சொல்லிவிடவில்லை.

பிடிக்காவிட்டால் திருப்பி அனுப்பலாம், பதிலுக்கு வேறொன்று வாங்கிக்கொள்ளலாம் என்று கிளப் வாக்குக் கொடுத்திருந்தது. அமெரிக்கர்கள் அந்த வாக்கை எழுத்துக்கு எழுத்து நம்பினார்கள். அந்த வருடம் முடிவதற்குள் உறுப்பினர்கள் 40,000-ஐத் தாண்டினார்கள். கூடவே திரும்பி வரும் மூட்டைகளும் ஏறின.  திரும்பி வந்த பிரதியைப் பிரித்து, கணக்கெழுதி, மாற்றுப் புத்தகம் கட்டும் கூலி கிளப்புக்கு. நடுவர்கள் கொஞ்சம் கனமான புத்தகத்தைத் தேர்ந்தெடுத்த மாதங்களில் கிடங்கு நிரம்பி வழிந்தது. உறுப்பினர் கூடக் கூட நஷ்டமும் கூடும் என்ற நிலைமை. சிபாரிசு வியாபாரம் தன் வெற்றியாலேயே சாகும்போல இருந்தது.

அப்போதுதான் அந்தச் சீட்டு பிறந்தது.

யோசனை சின்னது. புத்தகத்தை அனுப்பிவிட்டுப் பிடித்ததா என்று கேட்பதற்குப் பதிலாக, அனுப்புவதற்கு முன்பே கேட்டுவிட்டால்? ஒவ்வொரு மாதமும் முதலில் ஒரு மெல்லிய செய்தியிதழ் போகும். அதில் அடுத்த புத்தகத்தைப் பற்றி ஒரு நடுவர், தான் ஏன் அதை விரும்பினார் என்று விலாவாரியாக எழுதியிருப்பார். கூடவே ஒரு சீட்டு. புத்தகம் வேண்டாம் என்றாலோ வேறு வேண்டும் என்றாலோ, குறிப்பிட்ட தேதிக்குள் அதை நிரப்பி அனுப்ப வேண்டும். வேண்டும் என்றால் ஒன்றுமே செய்ய வேண்டாம். பார்சல் தானாக வந்துவிடும். இதற்குத் தகப்பன் சாக்ஹைம்தான் என்று விளம்பர உலகம் பல காலம் சொல்லிக்கொண்டிருந்தது. மூவரில் யாராக இருந்தாலும், உறுப்பினருக்கு வேண்டாத புத்தகம் போகக் கூடாது என்ற மரியாதையான காரணத்துக்காகத்தான் அது தொடங்கியது. அதற்குள் ஒளிந்திருந்த வேறொரு சக்தி, சீட்டுகள் திரும்பி வராதபோதுதான் தெரிந்தது.

ஏனென்றால், ஒருவர் வேண்டாம் என்று சொல்வதற்குச் செய்தியிதழைப் படிக்க வேண்டும், முடிவெடுக்க வேண்டும், பேனா தேட வேண்டும், தபால்தலை ஒட்ட வேண்டும், தேதி தவறாமல் பெட்டியில் போட வேண்டும். வேண்டும் என்று சொல்வதற்கு மறந்துபோனால் போதும். கல்யாணச் சந்தையில் பெண்ணின் மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொண்ட பெரியவர்களைப் போல, கிளப்பும் உறுப்பினரின் மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொண்டது. திரும்பி வரும் மூட்டைகள் குறைந்தன. எத்தனை பிரதி போகும் என்பது முன்கூட்டியே தெரிந்ததால் மொத்தமாக அச்சடிக்கவும் முடிந்தது. 1929-இல் உறுப்பினர் எண்ணிக்கை ஒரு லட்சத்தைத் தாண்டியது. அதே வருடம் கிளப்பை முச்சந்தியில் நிறுத்திய கப்பல் ஒன்று வந்து சேர்ந்தது.

'தி க்ரேடில் ஆஃப் தி டீப்' என்பது ஜோன் லோவெல் என்ற இளம் நடிகையின் சுயசரிதை என்று சொல்லப்பட்டது. கைக்குழந்தைப் பருவத்திலிருந்து பதினேழு வயது வரை அப்பாவின் பாய்மரக் கப்பலிலேயே வளர்ந்தாராம். கடைசியில் ஆஸ்திரேலியாவுக்கு அப்பால் கப்பல் எரிந்து மூழ்க, முதுகில் பூனைக்குட்டிகள் நகத்தைப் பதித்துத் தொங்க, கடலில் நீந்திக் கரை சேர்ந்தாராம். நடுவர்கள் மயங்கிப்போய்ச் சிபாரிசு செய்தார்கள். புத்தகம் அள்ளிக்கொண்டு போனது. லிங்கன் கோல்கார்ட் என்ற விமர்சகர் மட்டும் மயங்கவில்லை. அவர் உண்மையிலேயே கப்பலில் பிறந்து வளர்ந்தவர். பாயும் கயிறும் பற்றி அந்தப் பெண் எழுதியிருந்ததில் பாதி அபத்தம் என்று பக்கம் பக்கமாகப் பிட்டு வைத்தார். பத்திரிகைக்காரர்கள் தேடிப் போனார்கள். மூழ்கிப்போன 'மின்னி ஏ. கெய்ன்' கப்பல் கலிஃபோர்னியாவில் பத்திரமாக மிதந்துகொண்டிருந்தது!

புத்தகக் கடைக்காரர்களுக்கு இதைவிட நல்ல செய்தி கிடைக்குமா? எங்கள் வாடிக்கையைத் திருடுகிறார்கள், ஐந்து பேர் உட்கார்ந்து நாட்டின் ரசனையை ஒரே அச்சில் வார்க்கிறார்கள் என்று அவர்கள் ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருந்தார்கள். டட்டன் பதிப்பகத்தின் தலைவர் ஜான் மக்ரே கிளப்புகளோடு வெளிப்படையாகவே சண்டைக்கு நின்றார். கிளப் மழுப்பவில்லை, பணம் திரும்ப வேண்டுவோர் வாங்கிக்கொள்ளலாம் என்று உறுப்பினர்களுக்கு அறிவித்தது. அந்த நூலை வெளியிட்ட பதிப்பகம் அதைக் கதைப் பிரிவுக்கு மாற்றிக்கொண்டது. கிளப்பின் கதை இத்தோடு முடிந்தது என்று பேசிக்கொண்டார்கள். கொஞ்ச காலத்திலேயே சீனாவிலிருந்து ஒரு கைப்பிரதி வந்தது.

பெர்ல் பக் எழுதிய 'தி குட் எர்த்'. சீன விவசாயி ஒருவரின் குடும்பக் கதையை, பொருளாதார மந்தத்தில் வேலையிழந்து நிற்கும் அமெரிக்கர்கள் ஏன் படிக்கப்போகிறார்கள்? டோரதி கேன்ஃபீல்ட் ஃபிஷர் அப்படிக் கேட்கவில்லை. வெர்மான்டின் ஆர்லிங்டன் என்ற சிற்றூரில் உட்கார்ந்துகொண்டு, மற்ற நடுவர்களைவிட அதிகமாகப் படித்துத் தள்ளியவர் அவர். இந்தப் புத்தகத்துக்காகக் கச்சை கட்டி நின்றார். 1931-இல் கிளப் அதைத் தேர்ந்தெடுத்தது. அந்த வருடமும் அடுத்த வருடமும் அமெரிக்காவில் மிக அதிகம் விற்ற நாவல் அதுதான். பெர்ல் பக்குக்கு 1932-இல் புலிட்சர், 1938-இல் நோபல். மழைக்கால மாலையில் ஒரு பெண்மணி அக்கம்பக்கத்தில் சொல்லியிருக்கக்கூடிய, இதைப் படித்துப் பாருங்கள் என்ற ஒரு வாக்கியம், லட்சம் வீடுகளின் தபால் பெட்டிக்குள் ஒரே சமயத்தில் விழுந்தால் என்ன நடக்கும் என்பதைப் பதிப்பகங்கள் அன்று கண்ணால் பார்த்தன. அதன் பிறகு கிளப்புக்காக அவை எதையும் செய்யத் தயாராயின எனலாம்.

மார்கரெட் மிட்செல் என்ற அட்லான்டாக்காரரின் முதல் நாவல் 1936 மே மாதம் வெளியாவதாக இருந்தது. முதல் பிரதிகளில் அப்படியே அச்சடித்தும் விட்டார்கள். கிளப் அதை ஜூலைக்குத் தேர்ந்தெடுத்ததும், மாக்மில்லன் பதிப்பகம் வெளியீட்டையே ஜூன் 30-க்குத் தள்ளிப்போட்டது. 'கான் வித் தி விண்ட்' நாவலின் மே மாதம் என்று அச்சான பிரதி இன்று பழம்புத்தகச் சேகரிப்பாளர்களின் பொக்கிஷம். காத்திருந்ததில் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் தேதியை மாற்றவைத்த கை, வரிகளையும் மாற்றவைக்க எவ்வளவு நேரம் ஆகும்?

ரிச்சர்ட் ரைட் அதைத் தெரிந்துகொண்டார். 1940-இல் 'நேட்டிவ் சன்' கிளப்பின் முதன்மைத் தேர்வானது. கறுப்பினத்தவர் ஒருவரின் புத்தகத்துக்கு அந்த இடம் கிடைத்தது அதுவே முதல் முறை. ஆனால் அதற்கு முன் சில காட்சிகளை மாற்றி எழுத வேண்டியிருந்தது. 1945-இல் நடந்தது அதைவிடப் பெரியது. ரைட்டின் சுயசரிதை இரண்டு பாகம்: தெற்கில் கழிந்த பிள்ளைப் பருவம், பிறகு வடக்கில் சிகாகோவில் கண்ட கசப்பு. தெற்கின் கொடுமை போதும், வடக்கு வேண்டாம் என்றது கிளப். இரண்டாம் பாகம் வெட்டப்பட்டு, 'பிளாக் பாய்' என்ற தலைப்பில் முதல் பாகம் மட்டும் வந்தது. வெட்டுப்பட்ட பகுதி தனி நூலாக வந்தது 1977-இல். ரைட் இறந்து பதினேழு வருடம் ஆகியிருந்தது. படிக்கச் சொல்லும் உரிமை எந்த இடத்தில் எழுதச் சொல்லும் அதிகாரமாக மாறுகிறது என்பதற்கு இதைவிடத் துல்லியமான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. நாவலாசிரியர் சாலிஞ்சர் மட்டும் தப்பித்தார். 1951-இல் 'தி கேட்சர் இன் தி ரை' என்ற தலைப்பை மாற்ற முடியுமா என்று கிளப் கேட்டதற்கு, கதாநாயகன் ஹோல்டன் கால்ஃபீல்டுக்கு அது பிடிக்காது என்று பதில் சொல்லிவிட்டாராம்.

நடுவர்கள் வயதாகி ஒவ்வொருவராக விலகினார்கள். ஷெர்மன் 1969-இல் காலமானார். ஆனால் அந்தச் சீட்டு புத்தகத்தை விட்டு எப்போதோ வெளியே கிளம்பிவிட்டது. 1955-இல் கொலம்பியா நிறுவனம் இசைத்தட்டு கிளப் தொடங்கியது. அங்கேயும் அதே ஏற்பாடு. பிறகு நாணயம், சமையல் குறிப்பு அட்டை, பொம்மை என்று வீட்டுக்கு வரக்கூடிய எல்லாவற்றுக்கும் ஒரு கிளப். எல்லா கிளப்பிலும் மௌனம் சம்மதம். புத்தக கிளப்பிலாவது ஒரு ஃபிஷர் உட்கார்ந்து படித்துவிட்டுச் சொன்னார். இவற்றில் சொல்வதற்கு ஆளே இல்லை, பில் மட்டும் வந்தது. புகார்கள் வாஷிங்டனில் குவிந்தன. 1973-இல் அமெரிக்க வர்த்தக ஆணையம் தனி விதியே இயற்றியது: சீட்டைத் திருப்பி அனுப்ப உறுப்பினருக்குக் குறைந்தது 10 நாள் அவகாசம் தர வேண்டும். விதியில் அதற்கு இடப்பட்ட பெயர் 'நெகட்டிவ் ஆப்ஷன்'. பிறகு இன்டர்நெட் வந்தது. தபால்தலையும் பேனாவும்கூடத் தேவைப்படாத காலத்தில், சீட்டும் ஒழிந்திருக்க வேண்டுமல்லவா?

ஒழியவில்லை, ஃபோனுக்குள் குடிவந்துவிட்டது. முதல் மாதம் இலவசம் என்று சேர்ந்த ஓடிடி சந்தா, பாட்டுச் செயலி, ஜிம், கிளவுட் சேமிப்பு ஆகிய அத்தனையும் யாரும் ஒன்றும் சொல்லாததால் மாதாமாதம் தானாகப் புதுப்பித்துக்கொள்கின்றன. அமெரிக்காவில், சேர்வது எவ்வளவு சுலபமோ விலகுவதும் அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும் என்று ஆணையம் 2024-இல் புதிய விதி கொண்டுவந்தது. முழுதாக அமலுக்கு வருவதற்குச் சில நாள் முன்பு, 2025 ஜூலையில், மேல்முறையீட்டு நீதிமன்றம் நடைமுறைக் கோளாறைக் காரணம் காட்டி அதை ரத்து செய்தது. இந்தியாவில் ரிசர்வ் வங்கி முந்திக்கொண்டது. 2021 அக்டோபர் முதல், கார்டிலிருந்து இப்படித் தானாகப் பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பு தகவல் வர வேண்டும், வேண்டாம் என்று சொல்ல வழியும் இருக்க வேண்டும். நாளை இவ்வளவு ரூபாய் கழிக்கப்படும் என்று வந்து, ஓடிபிகளுக்கும் வங்கி விளம்பரங்களுக்கும் நடுவே படிக்கப்படாமல் கிடக்கிற அந்த எஸ்எம்எஸ்தான், சாக்ஹைமும் ஷெர்மனும் உறுப்பினர்களுக்கு அனுப்பிய சீட்டு. தொகை இருக்கிறது, தேதி இருக்கிறது, வேண்டாம் என்று சொல்ல ஒரு இணைப்பு இருக்கிறது. எது ஏன் நன்றாக இருக்கிறது என்று நடுவர் எழுதிய கட்டுரையை மட்டும் வழியில் எங்கோ எடுத்துவிட்டார்கள்.